குமரி மலைகளில் மெட்டல் டிடெக்டர் தங்கம் காட்டுமா?

கேள்வி கேட்டவர் கீரிப்பாறைக்கு மேலே ஓர் ஓடையில் மணல் பொன்னிறமாக மின்னுவதைப் பார்த்திருக்கிறார். ஆஸ்திரேலியாவில் மெட்டல் டிடெக்டரால் தங்கக் கட்டிகளைத் தோண்டியெடுக்கும் காணொளிகளையும் பார்த்திருக்கிறார். "பத்து அடி ஆழம் வரை தங்கத்தை மட்டும் காட்டும்" என்று ஒரு வியாபாரி விற்கும் கருவியை நகைக்கடன் எடுத்து வாங்கலாமா, எந்த மாடல் நல்லது, காட்டுக்குள் தேட அனுமதி வேண்டுமா என்று கேட்கிறார். மாடலைப் பற்றிச் சில வரிகளில் சொல்லிவிடலாம். அவர் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது வேறு என்று நினைக்கிறேன். நம் மலைகளில் தங்கம் இருக்கிறதா, இருந்தால் இந்தக் கருவிக்கு எட்டும் வடிவத்தில் இருக்கிறதா, வீட்டு நகையை அடகு வைத்து இறங்கும் அளவுக்கு அதில் ஏதேனும் உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி.

நான் நிலவியல் படித்துக் கனிம ஆய்வுப் பணியில் இருந்தவன். பெரும்பகுதிக் காலம் கர்நாடகத்தில் கழிந்தது. சில ஆண்டுகள் மேற்கு ஆஸ்திரேலியாவில், கால்கூர்லிப் பக்கம் வேலை. அங்கே விடுமுறை நாட்களில் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு புதர்க்காட்டில் அலைவது சுரங்க ஊழியர்களிடையே சாதாரண வழக்கம், நானும் அலைந்திருக்கிறேன். இப்போது தக்கலைக்கு அருகே சொந்த ஊரில் இருக்கிறேன். சட்டம் என் துறை அல்ல என்பதால், அந்தப் பகுதியில் சொல்வதை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கல், மண், கருவி ஆகியவற்றைப் பற்றி எழுதுவதற்கு நானே பொறுப்பு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தம்பி, நகையை அடகு வைக்காதீர்கள். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இதே எண்ணத்துடன் வேறு சிலரும் இருப்பார்கள்.

கருவியிலிருந்து தொடங்குகிறேன். மெட்டல் டிடெக்டர் தங்கத்தைத் தேடுவதில்லை. மின்சாரம் கடத்தும் எதையும் தேடுகிறது. தண்டின் நுனியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பிச் சுருள் உண்டு. அதில் ஓடும் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருப்பதால் மண்ணுக்குள் மாறும் காந்தப்புலம் ஒன்று பரவுகிறது. அந்தப் புலத்தில் ஓர் உலோகத் துண்டு அகப்பட்டால் அதற்குள் சுழல் மின்னோட்டம் எழும். அந்தச் சுழல் மின்னோட்டமும் தன் பங்குக்கு ஒரு மெல்லிய காந்தப்புலத்தை உண்டாக்கும். அதைச் சுருள் பிடித்துக் காதுக்கு ஒலியாகத் தருகிறது. கருவி செய்வது இவ்வளவுதான். திரையில் தெரியும் எண், பொருளின் கடத்துதிறன், பருமன், வடிவம் எல்லாம் கலந்து உருவாகும் எண். சிறு தங்கக் கட்டியும் சிகரெட் பெட்டியின் அலுமினியத் தாளும் ஏறக்குறைய ஒரே எண்ணில் வந்து நிற்கும். அனுபவமுள்ளவர்கள் அதனால்தான் திரையைப் பெரிதாக நம்பாமல் ஒலி வரும் எல்லா இடத்தையும் தோண்டுகிறார்கள். தங்கத்தை மட்டும் பிரித்துக் காட்டும் கருவி எந்த நாட்டிலும் எந்த விலையிலும் கிடையாது. இது உறுதி.

ஆழமும் அப்படித்தான். சுருளிலிருந்து கிளம்பும் காந்தப்புலம், சுருளின் விட்டத்தைத் தாண்டிய பிறகு, தொலைவின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. உலோகத்திலிருந்து திரும்பி வருவதும் அதே கணக்கில் குறைகிறது. இரண்டையும் பெருக்கினால் ஆறாம் அடுக்கு. ஆழம் இரண்டு மடங்கானால் காதுக்கு வரும் செய்தி ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகிவிடும். பேட்டரியைப் பெரிதாக்கினால் இது மாறப்போவதில்லை. நடைமுறையில் பார்த்தால், தீக்குச்சித் தலை அளவுள்ள தங்கத்தை ஒரு நல்ல கருவி சில சென்டிமீட்டர் ஆழத்தில் பிடிக்கும். ஒரு கிராம் கட்டியை ஒரு சாண் ஆழத்தில் பிடித்தால் நல்ல வேலை. முப்பது கிராம் கட்டி என்றால், சாதகமான மண்ணில், ஒன்றரை அடி, இரண்டு அடி வரை எதிர்பார்க்கலாம். பத்து அடி ஆழத்தில் ஒரு கார் புதைந்திருந்தால் அதற்கென்று செய்யப்பட்ட பெரிய சட்டச் சுருள் கண்டுபிடிக்கக்கூடும். அந்த ஆழத்தில் ஒரு மோதிரத்தையோ தங்கக் கட்டியையோ காட்டும் என்பது பொய்.

மாடல் கேட்டிருந்தீர்கள். தங்கத்துக்கென்று விற்கப்படும் கருவிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று மிகக் குறைந்த அலைவெண்ணில் தொடர்ந்து அலை அனுப்பும் வகை. ஆங்கில எழுத்துகளில் வி.எல்.எஃப். என்பார்கள். சாதாரணக் கருவிகள் 5 முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை இயங்கும். சிறு பொடிக் கட்டிகளுக்கென்று 45, 71 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவையும் இருக்கின்றன. அலைவெண் கூடினால் சிறு தங்கம் தெளிவாகக் கேட்கும், ஆனால் மண்ணின் இரைச்சலும் கூடும். இன்னொன்று பல்ஸ் இண்டக்‌ஷன் வகை. இது ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு உடனே நிறுத்தி, மண்ணின் எதிரொலி அடங்கிய பிறகு மிச்சமிருக்கும் ஒலியைக் கேட்கிறது. இரும்புச்சத்து மிகுந்த மண்ணில் இதுதான் உதவும். விலை பல லட்சம். ஆஸ்திரேலியக் காணொளிகளில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது இந்த இரண்டாம் வகையை. உங்கள் வியாபாரி சொல்லும் விலைக்கு அது வராது.

நம் மாவட்டத்தின் மண் இந்தக் கருவிகளுக்கு மிகவும் கடினமானது. கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்புரைக்கல் மண்ணில் இரும்பு ஆக்சைடு நிறைந்திருக்கிறது. அதில் சில வகைகள் காந்தப்புலத்துக்குத் தாமதமாகப் பதில் சொல்லி, உலோகம் போலவே நடிக்கும். ஓடைகளின் ஓரத்தில் படியும் கருமணலில் மேக்னடைட், இல்மனைட் என்ற இரும்புக் கனிமங்கள் இருக்கின்றன, அவையும் கத்தும். மலையடிவாரப் பாறைகளில் கிராபைட் செதில்கள் உண்டு. கிராபைட் மின்சாரம் கடத்தும் என்பதால் அது உண்மையான உலோக ஒலியையே தந்துவிடும். இவற்றையெல்லாம் தாண்டினால் ரப்பர் தோட்டம். ஒவ்வொரு மரத்திலும் சிரட்டையைத் தாங்கும் இரும்புக் கம்பி, பால் வழியும் தகரத் துண்டு, அடியில் அறுந்து விழுந்து மண்ணோடு மண்ணான பழைய கம்பிகள். காளிகேசம் போன்று சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் பாட்டில் மூடிகள். ஒரு காலை நேரம் முழுவதும் குனிந்து குனிந்து கம்பி பொறுக்குவதுதான் மிஞ்சும்.

கருவி சரியாக வேலை செய்யும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கருவியையே நான் பழிப்பதாக ஆகிவிடும். கால்கூர்லியின் வறண்ட சிவப்பு மண்ணில், காதில் இருக்கும் மெல்லிய ரீங்காரத்தில் ஒரு சிறு ஏற்ற இறக்கம் வரும். சுருளை அதே இடத்தில் குறுக்காக ஒருமுறை வீசிப் பார்க்க வேண்டும். இரு திசையிலும் ஒலி வந்தால் செருப்பால் மேல்மண்ணை ஒதுக்கி மீண்டும் வீச வேண்டும். ஒலி போய்விட்டால் அது மேலே கிடந்த ஈயக் குண்டு. இன்னும் இருந்தால் சிறு கொத்தால் தோண்டி, மண்ணை ஒரு பிளாஸ்டிக் கரண்டியில் அள்ளிச் சுருளின் மேல் காட்ட வேண்டும். ஒலித்தால் கரண்டி மண்ணில் பாதியைக் கீழே கொட்டி மறுபடியும் காட்ட வேண்டும். பாதி, அதில் பாதி என்று குறைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு சிட்டிகை மண் மிஞ்சும். அதைச் சுருளின் முகத்தில் கொட்டி விரலால் தள்ளினால், தள்ளும்போதே ஒலிக்கும் ஒரு துணுக்கு அகப்படும். பெரும்பாலும் அது பழைய பூட்ஸ் ஆணி, தோட்டாத் துண்டு, தகரம். எப்போதாவது ஒரு பருப்பளவில் மங்கிய மஞ்சள். கையில் வைத்தவுடன் அதன் கனம் மற்ற எல்லாவற்றையும் மறக்கச் செய்துவிடும். அந்த ஆசை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.

அங்கே ஏன் கிடைக்கிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. விக்டோரியா மாநிலத்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் பாறைகளில் நரம்பு போல ஓடும், தங்கம் தாங்கிய வெண்குவார்ட்ஸ் கல் நாளங்கள் ஏராளம். அந்த நிலம் பல கோடி ஆண்டுகளாகப் பெரிதாக மடியாமல், உயராமல், மெல்ல மெல்ல மக்கியிருக்கிறது. குவார்ட்ஸ் உடைந்து போக, கனமான தங்கக் கட்டிகள் நாளம் இருந்த இடத்துக்கு அருகிலேயே மேல்மண்ணில் தங்கிவிட்டன. மழை குறைவு, சரிவு குறைவு. அடித்துக்கொண்டு போக ஆளில்லை. 1869-இல் மோலியாகுல் என்ற ஊரில் ஜான் டீசன், ரிச்சர்ட் ஓட்ஸ் என்ற இருவருக்குக் கிடைத்த, உலகிலேயே மிகப் பெரியதாகக் கருதப்படும் 'வெல்கம் ஸ்ட்ரேஞ்சர்' கட்டி, மரவேரின் அடியில், மண்ணுக்குக் கீழே ஓரிரு அங்குலத்தில் இருந்தது. 1980-இல் கெவின் ஹில்லியர் மெட்டல் டிடெக்டரால் கண்டெடுத்த 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியின் எடை 27 கிலோவுக்கு மேல், அதுவும் மேல்மண்ணில்தான். அந்த நாட்டில் இதற்கென்று உரிமச் சீட்டு உண்டு. சிறு கட்டணம் கட்டி யாரும் வாங்கி, அனுமதிக்கப்பட்ட அரசு நிலத்தில் தேடலாம், கிடைத்ததை வைத்துக்கொள்ளலாம். நாளம், மக்கிய நிலம், வறட்சி, சட்டம் ஆகிய நான்கும் ஒன்றாக அமைந்ததால்தான் காணொளியில் அந்தக் கை மஞ்சள் கட்டியைத் தூக்கிக் காட்டுகிறது.

இப்போது நம் மலைகள். மகேந்திரகிரி முதல் பேச்சிப்பாறை, கோதையாறு வரை நீங்கள் மிதிப்பது பெரும்பாலும் சார்னகைட், கார்னெட் கலந்த நைஸ், கோண்டலைட் என்ற பாறைகள். கல்குவாரிகளில் உடைக்கும் நீலம் பாய்ந்த கருங்கல் சார்னகைட்டே. இவை சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 800 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தில் வெந்த பாறைகள். தங்கம் பாறைக்குள் திரள்வதற்குச் சூடான நீர் வேண்டும். ஆழத்தில் கரைந்த தங்கத்தை நீர் ஏந்திக்கொண்டு வெடிப்புகள் வழியே மேலேறி, 250 முதல் 400 டிகிரி வரையிலான வெப்பத்தில் குவார்ட்ஸோடு சேர்த்து இறக்கிவிட்டுப் போகும். கோலார் தங்கவயலில் நடந்தது அதுதான். பசும்பாறைப் பட்டை என்று நாங்கள் சொல்லும், பழைய எரிமலைக் குழம்பிலிருந்து உருவான பாறைகளில் அந்த நாளங்கள் ஓடின. 2001 பிப்ரவரியில் மூடும்வரை, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம் வரை இறங்கி 800 டன்னுக்கு மேல் எடுத்தார்கள். நம் பாறைகள் வெந்த வெப்பத்தில் அந்த நீர் ஏறத்தாழ முழுவதும் வெளியேறிவிட்டது. கோலார் போன்ற பசும்பாறைப் பட்டை குமரி மாவட்டத்தில் கிடையாது.

இதுவரை எழுதியது உறுதியானது. இனி வருவதில் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். மிகையாக வெந்த பாறைகளில் தங்கமே இருக்காது என்று சொல்லிவிட முடியாது. உலகில் சில இடங்களில் அப்படிப்பட்ட பாறைகளிலும் தங்கச் சுரங்கங்கள் இருந்திருக்கின்றன. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே கூடலூர், தேவாலா, பந்தலூர் பகுதியில் தங்கம் உண்டு. ஆஸ்திரேலியத் தங்கவயல்களைப் பற்றி நன்கு அறிந்த ராபர்ட் பிரௌ ஸ்மித் 1879-இல் அங்கே வரவழைக்கப்பட்டார். அவருடைய அறிக்கையை ஒட்டி லண்டனில் பங்குகள் பறந்தன, டஜன் கணக்கில் நிறுவனங்கள் முளைத்தன, சில ஆண்டுகளிலேயே ஏறக்குறைய எல்லாம் கவிழ்ந்தன. கல்லில் தங்கம் இல்லாமல் போகவில்லை. எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. அந்த மலையிலிருந்து இறங்கும் சாலியாற்றில், நிலம்பூர்ப் பக்கம், சரளையை அரித்துப் பொடித் தங்கம் எடுப்பவர்கள் இருந்திருக்கிறார்கள். கவனியுங்கள், பொடித் தங்கம். அங்கேயும் கட்டிகள் பரவலாகக் கிடப்பதில்லை. பொடியை டிடெக்டர் கேட்காது. ஒரு டன் கல்லில் ஐந்து கிராம் தங்கம் இருந்தால் அது நல்ல சுரங்கம். அந்த ஐந்து கிராமும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகப் பரவியிருக்கும். அந்தக் கல்லின்மீது எவ்வளவு விலையுயர்ந்த கருவியை வீசினாலும் அது வாய் திறக்காது. ஆக, நம் மலையில் எங்கோ ஓரிடத்தில் துளித் துகள் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டாலும், அதைத் தேட இந்தக் கருவி உதவாது.

அப்படியென்றால் ஓடையில் மின்னியது என்ன? உங்கள் மணலைக் கையில் வாங்கிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் காக்காப்பொன், அதாவது மைக்கா, என்றுதான் நினைக்கிறேன். நம் நைஸ் பாறைகளில் கரும்பழுப்பு மைக்கா நிறைய உண்டு. மழையும் வெயிலும் அதை மக்கவைக்கும்போது கருமை போய் வெண்கலப் பொன்னிறம் ஏறும். மெல்லிய செதில்களாகப் பிரிந்து, தெளிந்த நீரின் அடியில் வெயில் பட்டால் பார்ப்பவர் மூச்சு ஒரு கணம் நிற்கும். நீங்களே சோதிக்கலாம். கையை நீட்டி அதற்கு நிழல் கொடுங்கள். தங்கம் நிழலிலும் அதே மஞ்சளாகவே இருக்கும், மைக்கா அணைந்துவிடும். மணலைத் தண்ணீரோடு ஒரு தட்டில் சுழற்றுங்கள். மைக்கா முதலில் மிதந்து விளிம்பைத் தாண்டி ஓடும். தங்கம் எல்லாவற்றுக்கும் பின்னால், அடியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். ஊசி முனையால் ஒரு துகளை அழுத்துங்கள். தங்கம் நசுங்கும், உடையாது. மைக்கா ஏடு ஏடாகப் பிரியும். கருங்கல்லில் சில சமயம் பித்தளை நிறத்தில் மின்னும் பைரைட் என்றால் நொறுங்கிக் கரும்பொடியாகும்; சூடாக்கினால் கந்தக வாடை வரும். ஓடும் நீரில், மேல்மணலில், கைநிறைய மின்னுகிறது என்றாலே அது தங்கமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. தண்ணீரைப் போல 19 மடங்கு கனமுள்ள பொருள் மேல்மணலில் மிதந்துகொண்டிருக்காது.

இன்னொரு சான்று நம் கடற்கரையில் இருக்கிறது. மலையிலிருந்து ஆறுகள் கொண்டுவரும் மணலை அலைகள் காலங்காலமாக அரித்து, லேசானதைக் கொண்டுபோய், கனமானதைக் கரையில் விட்டுச் செல்கின்றன. மணவாளக்குறிச்சிக் கருமணல் அப்படிச் சேர்ந்ததுதான். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதைக் கண்டார். அடுத்த சில ஆண்டுகளில் இங்கே ஆலை வந்தது. நூறாண்டுக்கு மேலாக அந்த மணலைத் துகள் துகளாகப் பிரித்து இல்மனைட், ரூட்டைல், சிர்கான், மோனசைட், கார்னெட், சில்லிமனைட் எடுக்கிறார்கள். அந்தப் பட்டியலில் தங்கம் இல்லை. மலையில் தங்கம் தாராளமாக இருந்திருந்தால், மிக நுண்ணிய செதில்களாவது இங்கே வந்து சேர்ந்து, விற்பனைப் பட்டியலில் ஏறியிருக்கும். இதை முழுச் சான்றாக நான் வைக்கவில்லை. தங்கம் மற்றக் கனிமங்களைவிடப் பலமடங்கு கனம் என்பதால், மலையடிவாரத்திலேயே பாறை இடுக்குகளில் தங்கிவிட்டிருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டால் அதில் நியாயம் உண்டு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது மட்டும் இதற்கு எடை கூடுகிறது. நம் மாவட்டத்தில் மலை மண்ணைவிடத் தங்கம் அதிகம் இருக்கும் மண் ஒன்று உண்டு. கோயில் நகைக்குப் பெயர்பெற்ற வடசேரியின் பட்டறைத் தரையில் கூட்டிச் சேர்க்கும் தூசி அது. அதை அரிப்பதற்கு அதற்கென்று தெரிந்த கைகள் இருக்கின்றன.

சட்டத்தைப் பற்றி, எனக்குத் தெரிந்தவரை. கீரிப்பாறைக்கு மேலே, பாலமோர், கோதையாறு, மாறாமலை என்று போகும் காடுகளின் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம். பரப்பு சுமார் 400 சதுர கிலோமீட்டர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். கொத்தும் கடப்பாரையும் டிடெக்டருமாக அகப்பட்டால் வழக்கு இன்னும் கனமாகும். அது யானை நடமாடும் காடு என்பதையும், காதுகளை ஹெட்போனால் மூடிக்கொண்டு தரையையே பார்த்து நடப்பவருக்கு யானை வருவது தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். காட்டுக்கு வெளியே சொந்தப் பட்டா நிலம் என்றாலும் விடுதலை இல்லை. நிலத்தடிக் கனிமத்தில் நில உடைமையாளருக்கு உரிமை உண்டு என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் மலபார் பகுதி வழக்கொன்றில் சொல்லியிருக்கிறது. ஆனால் உரிமை வேறு, தோண்டும் உரிமம் வேறு. தங்கம் 1957-ஆம் ஆண்டு சுரங்கங்கள், கனிமங்கள் சட்டத்தின் கீழ் வருகிறது. உரிமம் பெறாமல் தேடுவதற்கும் தோண்டுவதற்கும் ஐந்தாண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆஸ்திரேலியாவில் இருப்பது போல் பொழுதுபோக்குத் தேடலுக்கென்று ஒரு சீட்டு நம் நாட்டில் இல்லை.

கட்டி கிடைக்காவிட்டால் புதையலாவது கிடைக்காதா என்ற எண்ணம் பலருக்கு அடுத்து வரும். உதயகிரிக் கோட்டை, வட்டக்கோட்டை, சிதறால் மலை, பத்மநாபபுரம் என்று பெயர்கள் உடனே நினைவுக்கு வரும். தயவுசெய்து அங்கே போகாதீர்கள். பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். அதைவிட, தோண்டி எடுத்த ஒரு காசு எந்த அடுக்கில், எதன் அருகில் கிடந்தது என்ற செய்தி ஒருமுறை அழிந்தால் திரும்ப வராது. திருவிதாங்கூர் பொன் பணங்கள் அரை கிராமுக்கும் குறைவான எடையுள்ளவை. சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியவை. அவற்றை டிடெக்டர் சில சென்டிமீட்டருக்குள் மட்டுமே கேட்கும். உழும்போதோ வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ தற்செயலாக ஏதேனும் கிடைத்தால், 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. நூறாண்டைக் கடந்த காசு தொல்பொருள் என்ற கணக்கில் வரும்.

உங்கள் வியாபாரியைப் பற்றி எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. இரண்டு ஆன்டெனாக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும், தொலைவிலிருந்தே தங்கத்தின் திசையைக் காட்டுவதாகச் சொல்லும் கருவிகள் எல்லாம் ஒரே குடும்பம். ஆட்டும் கை அறியாமலே சாய்வதால் கம்பி திரும்புகிறது. உள்ளே வேறொன்றும் இல்லை. இந்த ஏமாற்று எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஏ.டி.இ. 651 என்ற 'வெடிகுண்டு டிடெக்டர்' சாட்சி. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுப் பொருளிலிருந்து உருவான அதை ஈராக்கின் பாதுகாப்புப் படைக்கே விற்றார்கள். சோதனைச் சாவடிகளில் அதை நம்பி வண்டிகளை அனுமதித்தார்கள். விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் இங்கிலாந்து நீதிமன்றம் பத்தாண்டு சிறை விதித்தது. ராணுவத்தையே ஏமாற்ற முடிந்தது என்றால், நாகர்கோவிலில் ஓர் இளைஞரை ஏமாற்றுவது கடினமே இல்லை. இரிடியம் கலசம், அரிசி இழுக்கும் செம்பு என்று நம் ஊர்களில் குடும்பங்களைத் தெருவில் நிறுத்திய பேர்வழிகளின் பேச்சும் இதே பாணிதான்: பொருளைக் காட்டமாட்டார்கள், அவசரப்படுத்துவார்கள், ரகசியம் காக்கச் சொல்வார்கள். ஒரே ஒரு சோதனை கேளுங்கள். ஒரே மாதிரியான பத்து தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். வியாபாரி வேறு அறையில் இருக்கும்போது ஒன்றின் அடியில் மட்டும் ஒரு மோதிரத்தை வையுங்கள். எங்கே வைத்தீர்கள் என்று தெரிந்தவரும் அவர் கண்ணில் படக்கூடாது. இதைப் பலமுறை திரும்பச் செய்து, ஒவ்வொரு முறையும் கருவி சரியாகச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். சம்மதிக்க மறுத்தால் கதவைச் சாத்துங்கள்.

டிடெக்டர் மேலேயே உங்களுக்கு ஆசை இருந்தால், கையிலிருக்கும் பணத்தில் முடிகிற அளவுக்கு, கடன் இல்லாமல், பெயர் தெரிந்த நிறுவனத்தின் சாதாரணக் கருவி ஒன்றை வாங்கிச் சொந்தத் தோப்பில் பழகலாம். அதற்கு ஒரு நல்ல பயனும் உண்டு. வயலில் களை எடுக்கும்போது விழுந்த கம்மல், முற்றத்து மணலில் தொலைந்த மோதிரம், எருக்குழியில் போன கொலுசு என்று ஊரில் யாராவது தவித்துக்கொண்டுதான் இருப்பார்கள். இன்ன இடத்தில்தான் விழுந்தது என்று தெரிந்திருந்தால் கருவி உண்மையாகவே கண்டெடுத்துக் கொடுக்கும். சங்குத்துறை, சொத்தவிளை போன்ற கடற்கரைகளில் கருமணல் கலந்த இடங்களில் கருவி தடுமாறும். உணர்திறனைக் குறைத்து மெதுவாக வீச வேண்டும்.

ஆசை கல்லின் மேலேயும் மலையின் மேலேயும் என்றால் கருவியே வேண்டாம். இந்தியப் புவியியல் ஆய்வகத்தின் பூகோஷ் இணையதளத்தில் நம் மாவட்டப் பாறை வரைபடம் இலவசமாகக் கிடைக்கிறது. ஓடை வண்டலைச் சதுரம் சதுரமாக எடுத்துப் பகுப்பாய்வு செய்த தேசியப் புவிவேதியியல் வரைபடத் திட்டத்தின் தரவும் அங்கேயே இருக்கிறது. சோதித்த தனிமங்களில் தங்கமும் உண்டு. நீங்கள் பார்த்த ஓடை எந்தப் பாறையின் மேல் ஓடுகிறது என்று முதலில் அதில் பாருங்கள். பிறகு காட்டு எல்லைக்கு வெளியே, ஊருக்குள் வரும் பகுதியில், பெரிய கல் ஒன்றின் கீழ்ப்புறம் நீர் மெதுவாகத் திரும்பும் இடத்தில், அடிச்சரளையில் ஒரு கை மண்ணை ஓர் அகன்ற தட்டில் எடுத்துச் சுழற்றிப் பாருங்கள். வெள்ளை மணல் போகும், மைக்கா போகும், பிறகு இளஞ்சிவப்பாகக் கார்னெட், கடைசியில் கருமணல் வளைகோடாக நிற்கும். தட்டை லேசாகத் தட்டிக் கருமணலை ஒரு பக்கம் நகர்த்தும்போது அதன் வாலில் மஞ்சளாக ஏதேனும் நகராமல் நின்றால், ஊசிச் சோதனையும் தேறினால், இடத்தைக் குறித்துக்கொண்டு நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கு எடுத்துச் செல்லுங்கள். ஒன்றும் நிற்காவிட்டால் மண்ணை ஓடையிலேயே கொட்டிவிடுங்கள். மஞ்சள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், தட்டை நிழலில் வைத்துத் தெளிவாக ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். எந்தத் துகள் என்ன கனிமம் என்று என்னால் முடிந்தவரை சொல்கிறேன்.